டொமைன் ஏலம்: ஆயிரத்துக்கு வாங்கிய பெயர் கோடிக்கு விற்குமா? கணக்கு என்ன சொல்கிறது?

2024 அக்டோபர் மாதம். ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒரே நிறுவனமாகப் போகின்றன என்று செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம். 'ஜியோஹாட்ஸ்டார் டாட் காம்' என்று டைப் செய்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அங்கே இருந்தது படம் பார்க்கும் தளம் இல்லை, ஒரு கடிதம்.

டெல்லியைச் சேர்ந்த ஆப் டெவலப்பர் ஒருவர், இப்படி ஓர் இணைப்பு நடக்கும் என்று ஊகித்து அந்தப் பெயரை முன்கூட்டியே வாங்கிப் போட்டிருந்தார். கேம்பிரிட்ஜில் படிக்கும் செலவுக்காக அவர் ரிலையன்ஸிடம் கேட்ட தொகை 93,345 பவுண்டு. நம்ம கணக்கில் சுமார் 1 கோடி ரூபாய்.

அந்தச் செய்தியைப் படித்த பலருக்கும் அன்று தோன்றிய கேள்வி, "நாமும் நாலு பெயரை வாங்கிப் போட்டா என்ன?" என்பதுதான். உங்களுக்கும் தோன்றியிருந்தால், பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில், டொமைன் உங்கள் சொத்தா?

நிலம் மாதிரி இல்லை. டொமைன் பெயரை யாரும் ஒரேயடியாக வாங்கிவிட முடியாது. டாட் காம் பெயரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிவு செய்யலாம். கட்டணம் கட்டும்வரை பெயர் உங்களுடையது, நிறுத்தினால் கைவிட்டுப் போகும். குத்தகை என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அந்தக் குத்தகையும் ஏறிக்கொண்டே வருகிறது. டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனத்தின் மொத்த விலை, 2021-ன் தொடக்கத்தில் 7.85 டாலர். 2024 செப்டம்பரில் 10.26 டாலர். சுமார் 31 சதவீத உயர்வு. உங்களுக்கு விற்கும் ரெஜிஸ்ட்ரார் நிறுவனம் இதற்கு மேல் தன் லாபத்தையும் வரியையும் சேர்க்கும்.

ஏலத்துக்குப் பெயர்கள் எப்படி வருகின்றன?

பெரும்பாலும் யாரோ ஒருவர் புதுப்பிக்காமல் விட்ட பெயர்கள்தான். டாட் காம் பெயர் காலாவதியானதும் அதிகபட்சம் 45 நாள் சலுகைக் காலம் உண்டு. பல ரெஜிஸ்ட்ரார்கள் இந்தக் காலத்திலேயே பெயரை ஏலம் விட்டுவிடுகிறார்கள். பழைய உரிமையாளர் கடைசி நேரத்தில் வந்து பணம் கட்டினால், ஏலத்தில் நீங்கள் ஜெயித்திருந்தாலும் பெயர் அவருக்கே போகலாம். உங்களுக்குப் பணம் திரும்ப வரும், அவ்வளவுதான்.

ஏலம் போகாத பெயர் அடுத்த 30 நாள் மீட்புக் காலத்துக்குப் போகும். கூடுதல் கட்டணம் கட்டி அதை மீட்கப் பழைய உரிமையாளரால் மட்டுமே முடியும். பிறகு 5 நாள் கழித்துப் பெயர் முழுசாக விடுவிக்கப்படும். அந்த நொடியில் அதைப் பிடிப்பதற்கென்றே மென்பொருளோடு சில நிறுவனங்கள் காத்திருக்கின்றன. ஒரே பெயருக்குப் பலர் முன்பதிவு செய்திருந்தால், அவர்களுக்குள் ஏலம் நடக்கும்.

பல தளங்களில், முடியும் தறுவாயில் புதிய கேட்பு வந்தால் நேரம் தானாக நீளும். "கடைசி நொடியில் தட்டிடலாம்" என்பது அங்கே செல்லாது. உங்கள் உச்சவரம்பை ஏலத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்வதுதான் ஒரே பாதுகாப்பு.

லாபம் வருமா? ஒரு கணக்கு

வாய்ஸ் டாட் காம் 2019-ல் 3 கோடி டாலருக்கு விற்றது. சாட் டாட் காம் 2023-ல் 1.55 கோடி டாலருக்குக் கைமாறியது. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்கள். இரண்டுமே நேரடிப் பேரத்தில் விற்றவை. செய்தியில் வருவது விற்ற பெயர்கள் மட்டும். விற்காத பெயர்கள் செய்தியில் வராது.

இத்தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் விகிதம், கையில் இருக்கும் பெயர்களில் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் விற்கும் என்பது. இதை வைத்து ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம்.

ஏலத்தில் தலா 3,000 ரூபாய்க்கு 100 பெயர்கள் வாங்குகிறீர்கள்: 3 லட்சம். பெயருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் வீதம் 3 ஆண்டுக்குப் புதுப்பிப்புச் செலவு: இன்னொரு 3 லட்சம். மொத்த முதலீடு 6 லட்சம். விற்றுத் தரும் தளத்துக்கு 20 சதவீதக் கமிஷன் என்று வைத்தால், போட்ட பணத்தை எடுக்கவே 7.5 லட்சத்துக்கு விற்க வேண்டும்.

ஆண்டுக்கு 2 சதவீதம் விற்றால் 3 ஆண்டில் 6 பெயர்கள். ஒவ்வொன்றும் 1.25 லட்சத்துக்குப் போக வேண்டும். 1 சதவீதம் என்றால் 3 பெயர்கள்தான். தலா 2.5 லட்சம் கிடைத்தால்தான் முதல் திரும்பும். லாபம் அதற்கு அப்புறம்.

"நான் 10 பெயர்தானே வாங்கப் போறேன்" என்கிறீர்களா? இதே விகிதத்தில் 3 ஆண்டில் ஒன்றுகூட விற்காமல் போகவே வாய்ப்பு அதிகம்.

பெரிய நிறுவனத்தின் பெயரைப் பிடித்தால்?

இங்கேதான் சட்டம் வருகிறது. டொமைன் பெயருக்கும் வர்த்தக முத்திரையைப் போன்ற பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. அது சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, தன் 'சிஃபி' பெயருக்காக நடத்திய வழக்கு.

நீதிமன்றம் வரை போகவும் தேவையில்லை. டாட் காம் பெயர்களுக்கு சர்வதேச நடுவர் முறையும், டாட் இன் பெயர்களுக்கு இந்தியாவின் நிக்ஸி அமைப்பு நடத்தும் நடுவர் முறையும் இருக்கின்றன. பெயர் தங்கள் முத்திரையோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, உள்நோக்கம் தவறானது என்று நிறுவனம் நிரூபித்தால் பெயர் அவர்களுக்குப் போய்விடும். இழப்பீடாக உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் ஒரு நடுவரைக் கொண்ட விசாரணைக்கு, 5 பெயர்கள் வரை நிறுவனம் கட்டும் தொகை 1,500 டாலர். வக்கீல் செலவு தனி. இந்த வழி இருக்கும்போது அவர்கள் ஏன் உங்களுக்குக் கோடி கொடுக்கப் போகிறார்கள்?

அப்படியும் இறங்குவதென்றால்?

பொதுச் சொற்கள், தொழில் பெயர்கள், ஊரும் தொழிலும் சேர்ந்த பெயர்கள் ஆகியவற்றைப் பாருங்கள். மத்திய அரசின் வர்த்தக முத்திரைப் பதிவுத் தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். இது இலவசம்.

வேபேக் மெஷினில் அந்த முகவரியில் முன்பு என்ன இருந்தது என்று பாருங்கள். சூதாட்டமோ மோசடியோ நடந்த முகவரி என்றால் விட்டுவிடுங்கள்.

முதல் ஆண்டு விலையை நம்பாதீர்கள். புதிய வகை முகவரிகள் சில, முதல் ஆண்டு நூறு ரூபாய்க்குக்கூடக் கிடைக்கும். அடுத்த ஆண்டு பில் ஆயிரங்களில் வரும்.

"உங்கள் டொமைனை வாங்க ஆள் ரெடி, முதலில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்குங்கள்" என்று மெயில் வந்தால் அது பழைய மோசடி. சான்றிதழுக்குப் பணம் கட்டியதும் வாங்குகிறவர் காணாமல் போய்விடுவார்.

கடைசியாக, உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ அறக்கட்டளைக்கோ வெப்சைட் இருந்தால், அந்தப் பெயர் எந்தத் தேதியில் காலாவதியாகிறது, நினைவூட்டல் யாருடைய மெயிலுக்குப் போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். வேலையை விட்டுப் போன ஊழியரின் மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தால், அடுத்த ஏலப் பட்டியலில் உங்கள் பெயரே இருக்கலாம்.

ஜியோஹாட்ஸ்டார் டாட் காம் என்ன ஆனது? ரிலையன்ஸ் பணம் தர மறுத்துவிட்டதாகவும், சட்ட நடவடிக்கை எடுக்கப் போவதாகவும் அந்த டெவலப்பரே எழுதினார். பிறகு துபாயில் வசிக்கும் உடன்பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு அந்தப் பெயர் கைமாறியது. அவர்கள் அதை ரிலையன்ஸுக்கு இலவசமாகவே தருவதாக அறிவித்தார்கள்.