படைப்பிரிவே கலைஞ்சுபோச்சு... ரயில் இன்ஜின்ல பேர் மட்டும் இருக்கு! பிரிட்டனின் 'ராணுவ' இன்ஜின்கள் கதை தெரியுமா?

பிரிட்டன் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் டி9002 என்ற டீசல் இன்ஜின் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் நீளமான ஒரு பெயர்ப்பலகை: 'தி கிங்ஸ் ஓன் யார்க்‌ஷயர் லைட் இன்ஃபன்ட்ரி'. இது ஒரு காலாட்படைப் பிரிவின் பெயர். 1968-ல் வேறு மூன்று பிரிவுகளோடு இணைக்கப்பட்டதால் அந்தப் படைப்பிரிவு இன்று தனியாக இல்லை. ஆனா, இன்ஜினில் பெயர் அப்படியே இருக்கு. ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள்?

எப்போ ஆரம்பிச்சது?

முதல் உலகப் போரில் ரயில்வே ஊழியர்கள் ஏராளமானோர் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாக லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே நிறுவனம் 1920-ல் ஒரு நீராவி இன்ஜினுக்கு 'பேட்ரியாட்' எனப் பெயர் சூட்டியது. அதன் எண் 1914, அதாவது போர் தொடங்கிய ஆண்டு. வீரத்துக்கான உயரிய விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற தன் ஊழியர்கள் மூவரின் பெயர்களையும் அந்த நிறுவனம் இன்ஜின்களுக்கு வைத்தது.

1927-ல் 'ராயல் ஸ்காட்' வகை இன்ஜின்கள் வந்தன. கிளாஸ்கோவில் 50, டெர்பியில் 20 என மொத்தம் 70 கட்டப்பட்டன. இவற்றில் ஒரு பகுதிக்கு முதலில் பழைய இன்ஜின்களின் பெயர்கள்தான் இருந்தன. பிறகு அவற்றில் பெரும்பாலானவை படைப்பிரிவுகளின் பெயர்களுக்கு மாறின.

விமானப்படைக்கும் உண்டா?

உண்டு. 1940-ல் ஜெர்மன் விமானங்களுடன் நடந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' சண்டை பெரும்பாலும் தெற்கு இங்கிலாந்து வானில்தான் நடந்தது. அந்தப் பகுதியில் ஓடிய சதர்ன் ரயில்வே, போர் முடிந்ததும் தன் புதிய இன்ஜின்களுக்கு விமானப்படை அணிகள், விமானத் தளங்கள், தலைவர்களின் பெயர்களைச் சூட்டத் தொடங்கியது. அப்படி மொத்தம் 44 இன்ஜின்கள். அதில் ஒன்றான 'வின்ஸ்டன் சர்ச்சில்'தான், 1965 ஜனவரி 30-ல் சர்ச்சிலின் உடலைச் சுமந்த ரயிலை இழுத்துச் சென்றது.

எந்த இன்ஜினுக்கு எந்தப் பெயர்?

இதுல ஒரு கணக்கு இருக்கு. பிரிட்டன் காலாட்படைப் பிரிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சொந்த வட்டாரம் உண்டு. ஆள் சேர்ப்பதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். எனவே, அந்த வட்டாரத்து ஷெட்டைச் சேர்ந்த இன்ஜினுக்கு அந்த ஊர்ப் படையின் பெயரை வைத்தால் மக்களுக்கு அது 'நம்ம பசங்க' பேர்.

1961, 62-ல் வந்த 'டெல்டிக்' டீசல் இன்ஜின்கள் இதற்கு நல்ல உதாரணம். மொத்தம் 22. எடின்பரோ ஷெட்டின் 8 இன்ஜின்களுக்கு ஸ்காட்லாந்து படைப்பிரிவுகள். கேட்ஸ்ஹெட் ஷெட்டின் 6-க்கு வட இங்கிலாந்து படைப்பிரிவுகள். லண்டன் ஷெட்டின் 8-க்கு மட்டும் பந்தயக் குதிரைகளின் பெயர்கள்! இவற்றின் 3,300 குதிரைத்திறனுக்குக் காரணமான மோட்டார், கடற்படையின் அதிவேகப் படகுகளுக்காக உருவாக்கப்பட்டது என்பது இன்னொரு ராணுவத் தொடர்பு.

இப்போ என்ன நிலைமை?

டெல்டிக் இன்ஜின்கள் 1982 ஜனவரியில் ஓய்வுபெற்றன. 16 இன்ஜின்கள் உடைக்கப்பட்டு, 6 மட்டும் காப்பாற்றப்பட்டன. 70 ராயல் ஸ்காட் இன்ஜின்களில் மிஞ்சியது இரண்டே இரண்டு. மறுபக்கம், ராணுவச் சீரமைப்பில் படைப்பிரிவுகளும் ஒவ்வொன்றாக இணைக்கப்பட்டன. கார்டன் ஹைலேண்டர்ஸ் 1994-ல் வேறொரு பிரிவோடு சேர்ந்தது. 'கார்டன் ஹைலேண்டர்' டெல்டிக் இன்றும் இருக்கிறது.

பேட்ரியாட் வகையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதனால் ஆர்வலர்கள் நன்கொடை திரட்டி, 5551 என்ற எண்ணில் அதே வகை இன்ஜினைப் புதிதாகவே கட்டி வருகின்றனர். அதன் பெயர் 'தி அன்னோன் வாரியர்', அதாவது பெயர் தெரியாத போர்வீரன். ஊழியர்களின் நினைவாகத் தொடங்கிய வழக்கம், இப்போது பெயரே பதிவாகாமல் மறைந்தவர்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது.