பிரித்து மாட்டிய களைவெட்டி கிளம்பலையா?

நான் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நாலு வருடமாக இயற்கை வேளாண்மை செய்கிறேன். களைக்கொல்லியைத் தொட்டதில்லை. டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்தான் துணை; வெட்டின களையே மூடாக்கு.

போன ஐப்பசிக்கு முன்னால் அதன் பிஸ்டன், ரிங், ஆயில் சீல், கேஸ்கட் எல்லாவற்றையும் வீட்டில் வைத்து நானே மாற்றினேன். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். மழை விட்டதும் களை முழங்கால் உயரம். "ஒரு தடவை மருந்து அடிச்சா என்ன சார்?" என்றார் பக்கத்துக் கழனிக்காரர். எனக்கே மனசு ஆடிப்போச்சு.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஷெர்பா, க்ரூஸேடர் என்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளை நன்றாக அறிந்தவர். அவர் காட்டின வரிசை இது.

முதலில் பொறி. பிளக்கைக் கழற்றி கேப்பில் மாட்டி, அதன் உடம்பை இன்ஜின் இரும்பில் ஒட்டி வைத்து இழுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி வரலைன்னா ஸ்விட்ச், அதன் ஒயர், காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு கனம் இருந்தால் போதும். பொறி வந்தும் கிளம்பாவிட்டால் ஃப்ளைவீல் சாவி நசுங்கியிருக்கிறதா பாருங்கள். நசுங்கினால் பொறி வரும் நேரம் தப்பிவிடும்.

அடுத்து பெட்ரோல். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம். டேப்பை மூடி, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமல் பத்து தடவை இழுத்துக் காயவிடுங்கள். வறண்டிருந்தால் ஃபில்டரையும் டியூபையும் கார்புரேட்டரையும் பாருங்கள்.

மூன்றாவது கம்ப்ரஷன். இழுக்கும்போது கயிறு கையை எதிர்க்கணும். இல்லையென்றால் பிளக் துளையில் சில சொட்டு ஆயில் விட்டு இழுங்கள். எதிர்ப்பு கூடினால் ரிங்கில்தான் கோளாறு. ரிங்கின் இரண்டு முனையும் பள்ளத்திலுள்ள சின்ன ஊசிக்கு இருபுறமும் உட்கார்ந்திருக்கணும்.

என் மிஷினில் இந்த மூன்றும் சரி. பெரியவர் கேட்டார்: "கீழ்ப்பெட்டியில சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தியா?"

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் கிராங்க் கேஸ்தான் பம்பு. அதுதான் பெட்ரோல் கலவையை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. அங்கே ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்றுதான் உள்ளே வரும். கார்புரேட்டர் வழியையும் சைலன்சர் வழியையும் ரப்பர் வைத்து அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் மெல்லக் காற்று விட்டோம். அழுத்தம் 5 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது. ஆயில் சீல் ஓரத்தில் சோப்பு நுரைத்தது. கிரீஸ் தடவாமல் மாட்டினதில் அதன் உதடு மடிந்துவிட்டது. தப்பு என்னோடதுதான்.

புது சீல் போட்டதும் நாலாவது இழுப்பில் பிடித்தது. கையேட்டில் சொன்ன அளவு டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து, முதல் டேங்க்கை நிதானமாக ஓட்டினேன். பூ விடுவதற்குள் களையை வெட்டி மூடாக்குப் போட்டாச்சு. சீசன் முடிந்தால் பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் வையுங்கள்.