அச்சிட்ட உலோகமும் மேற்பரப்பின் வழவழப்பும்

2024ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரு ராக்கெட் எஞ்சினை 665 விநாடிகள் இயக்கிச் சோதித்து வெற்றி கண்டனர். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்திற்குரிய பி.எஸ்.4 எஞ்சினின் புதிய வடிவம் அது. முன்பு 14 உறுப்புகளை இணைத்துச் செய்யப்பட்ட இவ்வெஞ்சின், இம்முறை ஒரே துண்டாக உருவாக்கப்பட்டது. 19 பற்றவைப்புகள் தேவையற்றுப் போயின. 565 கிலோகிராம் உலோகப் பாளமும் தகடும் வேண்டியிருந்த இடத்தில் 13.7 கிலோகிராம் உலோகத் தூள் போதுமானதாயிற்று.

இதற்கு உதவிய முறை யாது? மெல்லிய படலமாகப் பரப்பிய உலோகத் தூளின் மீது, வேண்டிய இடங்களில் மட்டும் லேசர் ஒளிக்கற்றையைச் செலுத்தி உருக்குகின்றனர். உருகியது உறைந்ததும் மேடையைச் சற்றுத் தாழ்த்தி, அடுத்த படலத்தைப் பரப்புகின்றனர். இவ்வாறு ஆயிரக்கணக்கான படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து பொருள் வளர்கிறது.

ஆயினும் இங்ஙனம் பிறக்கும் பொருள் வழவழப்பாக இருப்பதில்லை. இது வெறும் அழகுக் குறை அன்று. மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு நுண்ணிய பள்ளமும் தகைவு குவியும் இடமாகும். அதிர்வும் அழுத்தமும் மாறி மாறித் தாக்கும்போது அங்கிருந்தே விரிசல் தோன்றிப் பரவுகிறது. எரிபொருள் செல்லும் குறுகிய பாதைகளிலோ சொரசொரப்பு உராய்வை மிகுவித்து, திரவத்தின் அழுத்தத்தைக் குறைக்கிறது.

சொரசொரப்பிற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது படிக்கட்டு அமைப்பு. ஒவ்வொரு படலமும் 40 மைக்ரான் தடிப்புடையது எனக் கொள்வோம். 45 பாகை சாய்ந்த பரப்பில் ஏறக்குறைய 28 மைக்ரான் உயரமுள்ள படிகள் உண்டாகும். செங்குத்துச் சுவரில் படிகள் இரா. இரண்டாவது, அரைகுறையாக உருகிய தூள்மணிகள் சுவரில் ஒட்டிக்கொள்வது. செங்குத்துச் சுவரும் இதற்குத் தப்புவதில்லை. மூன்றாவது, கீழ்நோக்கிய பரப்பின் கேடு. அதன் அடியில் இருப்பது கெட்டியான உலோகம் அன்று, தளர்ந்த தூளே. தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகையால் உருகிய உலோகம் அதற்குள் அமிழ்ந்து, கசடுபோல் தொங்குகிறது.

வார்க்கும்போதே செய்யத்தக்க பரிகாரங்கள் சில உண்டு. படலத்தின் தடிப்பைக் குறைத்தால் படிகள் சிறுக்கும். ஆனால் வேலை நேரம் மிகும். ஓரங்களில் மட்டும் லேசரைத் தனியே ஒருமுறை ஓட்டுதலும், உறைந்த மேற்பரப்பை மீண்டும் உருக்கிச் சமன் செய்தலும் வழக்கத்தில் உள்ளன. பின்னது ஒளிக்கற்றை எட்டும் மேற்பரப்பிற்கே பயன்படும்.

வேலை முடிந்தபின் வெளிப்புறத்தைக் கடைசல் யந்திரத்தால் செப்பனிடலாம். மின்பகு திரவத்தில் பொருளை நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால், துருத்திய முனைகள் முதலில் கரைந்து பரப்பு சமனாகும். உட்பாதைகளுக்கோ, தேய்ப்புத் துகள்கள் கலந்த பிசின் போன்ற குழம்பை முன்னும் பின்னும் அழுத்திச் செலுத்துவர். ஆனால் எம்முறையாயினும் உலோகத்தில் சிறிது குறையும். அதற்கென முன்கூட்டியே தடிப்பை மிகுத்து வைத்தல் வேண்டும். வளைந்து கிளைத்த பாதையிலோ குழம்பு எங்கும் ஒரே அளவாகத் தேய்ப்பதில்லை.

முன்பு உறுப்புகள் தனித்தனியே இருந்தபோது, இணைக்குமுன் ஒவ்வொன்றின் உட்புறத்தையும் கருவியால் மெருகிட முடிந்தது. பற்றவைப்பு ஒழிந்ததனால் அந்த வாயிலும் அடைபட்டது. ஆகவே வழவழப்பைப் பற்றிய சிந்தனை, வரைபடத்திலேயே தொடங்க வேண்டியதாகிறது. எப்பக்கத்தை மேல்நோக்கி வளர்ப்பது, எச்சாய்வைத் தவிர்ப்பது என்பன முதலில் தீர்மானிக்கப்பட வேண்டும். கிடையாகச் செல்லும் வட்டத் துவாரத்தின் கூரை தொங்கும் என்பதால், அதனை நீர்த்துளி வடிவில் கூர்நுனி மேலாக வரைவது இதற்கு ஓர் உதாரணம்.

எல்லாப் பரப்பும் மெருகுற வேண்டுமென்பதும் இல்லை. எலும்பில் பொருத்தும் டைட்டானிய உறுப்புகளில், எலும்பு பற்றி வளரச் சொரசொரப்பே துணை செய்கிறது. எவ்விடத்தில் எவ்வளவு வழவழப்பு வேண்டும் என்பதை முன்னரே வரையறுத்துக்கொள்வதே இத்தொழிலில் முதற்பணியாகும்.