சேலைக்கு யூடியூப், லேத்துக்கு கூகுள் மேப்

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் சேலை எடுக்க இப்போதெல்லாம் பஸ் ஏற வேண்டியதில்லை. யூடியூபில் ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும். கடைக்காரரோ, அவர் வரவழைத்த யூடியூபரோ, ஒவ்வொரு சேலையாகப் பிரித்து முந்தானையைக் காட்டுகிறார். பார்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார். பிளவுஸ் துணி உண்டா இல்லையா என்று சொல்லி, விலையையும் சொல்லி, 'ஒரு சேலைன்னாலும் கூரியர் பண்ணுவோம்' என்று முடிக்கிறார். திரையின் ஓரத்தில் வாட்ஸ்அப் எண் இருக்கும். பார்க்கும் பெண் பிடித்த சேலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்புவார். 'இருக்கு மேம்' என்று பதில் வரும், ஜிபேயில் பணம் போகும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்தால்தான் டேமேஜுக்கு மாற்றுச் சேலை என்ற நிபந்தனையும் கூடவே வந்து சேரும்.

பார்க்க எளிமையான ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. துணி எப்படி விழுகிறது, ஜரிகை வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்காமல் யாரும் சேலைக்குப் பணம் போடமாட்டார்கள். அதற்கு நிதானமான நீள வீடியோ வேண்டும். தவிர, யூடியூப் ஒரு தேடுமிடம். தீபாவளிக்குப் போட்ட வீடியோ, வைகாசியில் கல்யாணச் சேலை தேடுகிறவர் கண்ணிலும் படும். அடுத்து வருவது சந்தேகமும் பேரமும் முகவரியும். இவை நாலு பேர் பார்க்க நடப்பவையல்ல, அதனால் வாட்ஸ்அப். ஒன்று புது ஆளை அழைத்து வருகிறது, மற்றது வந்த ஆளைப் பிடித்து வைக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி வேலை.

சமூக ஊடகத்தில் கடை போட நினைக்கும் பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. 'எல்லாத்துலயும் இருக்கணும் சார்' என்று ஏஜென்சிக்காரர் சொல்கிறார். மாதம் இத்தனை போஸ்ட், இத்தனை ரீல்ஸ், பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அட்டை என்று ஒரு பேக்கேஜ் கொடுக்கிறார். ஐந்து தளங்களிலும் ஒரே பொங்கல் பானை பொங்குகிறது. விழுகிற பத்துப் பன்னிரண்டு லைக்கில் பாதி கடை ஊழியர்களுடையது. கூட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கடை போடுவது சந்தைக்குச் சரி. இங்கே பார்க்க வேண்டியது வேறு: நம் பொருளை வாங்குகிறவர் எந்த நிமிடத்தில், எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்?

கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். இரும்பு சுழல, பிசிறு சுருள் சுருளாக உதிர்வதை ரீல்ஸாகப் போட்டால் ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் பார்த்தவர்களில் யாருக்கு ஷாஃப்ட் கடைய வேண்டியிருக்கிறது? அவருக்கு வேலை தருகிறவர் ஏதோ ஒரு ஆலையின் பர்ச்சேஸ் அதிகாரி, அல்லது மெஷின் நின்றுபோய்த் தவிக்கும் பக்கத்துத் தொழிற்பேட்டைக்காரர். இரண்டாமவர் கூகுள் மேப்பில்தான் தேடுவார். அங்கே பட்டறையின் பெயர், சரியான போன் எண், திறந்திருக்கும் நேரம், மெஷின்களின் நாலு படம், பழைய வாடிக்கையாளர்களின் கருத்து இருந்தால் அழைப்பு வரும். முதலாமவர் இந்தியாமார்ட்டிலோ லிங்க்ட்இன்னிலோ இருப்பார். வெளிநாட்டு பையரிடம் ஆர்டர் எடுக்கும் திருப்பூர்க்காரருக்கும் லிங்க்ட்இன் பொருந்தும். அங்கே பனியனைக் காட்டினால் மட்டும் போதாது, ஃபேக்டரி வாங்கிய சான்றிதழ்களையும் காட்ட வேண்டும். பல் டாக்டர், பிளம்பர், பஞ்சர் கடை என்று அவசரத்துக்குத் தேடப்படும் எல்லாருக்கும் மேப்தான் முதல் இடம். பல்வலிக்காரர் இன்ஸ்டாகிராமில் டாக்டர் தேடுவதில்லை.

இன்ஸ்டாகிராமின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. தேடாத ஆளுக்கும் ஆசை காட்டுவது அது. ஆரி வேலை செய்த பிளவுஸ், டெரகோட்டா கம்மல், பிறந்தநாள் கேக், கல்யாண மேக்கப் போன்றவற்றைப் பார்த்த பிறகுதான் வேண்டும் என்றே தோன்றும். இப்படிப்பட்ட தொழில்களுக்கு அதைவிட நல்ல இடம் இன்று இல்லை. விலையைப் போடாமல் 'டிஎம் பண்ணுங்க' என்று எழுதும் வழக்கம்தான் எனக்குப் புரிவதில்லை. விலை கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை.

ஏற்கெனவே பெயர் உள்ள பொருளுக்கு நிலைமை மறுபடி மாறுகிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படி ஒரு மிட்டாய் உண்டு என்று யாருக்கும் ரீல்ஸ் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மக்களே பெயர் சொல்லித் தேடுகிறார்கள். அசல்தானா, எத்தனை நாள் கெடாது, சென்னைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் என்பதுதான் அவர்கள் கேள்வி. தேடலில் அகப்படுவதும், அந்த மூன்றுக்கும் உடனே பதில் சொல்வதும்தான் அங்கே வியாபாரம்.

ஃபேஸ்புக் செத்துவிட்டது என்கிறார்கள் இளைஞர்கள். அவர்கள் போய்விட்டார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய அப்பாக்களும் சித்தப்பாக்களும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், மனை வாங்குவதும் யாத்திரை போவதும் அவர்கள்தான். ஆனால் கடையின் பக்கத்தில் இலவசமாகப் போடும் பதிவு எல்லாரையும் சென்று சேர்ந்த காலம் மலையேறிவிட்டது. நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பெர்க் அறிவித்தார். இப்போது உள்ளூர்க் குழுக்களில் பேசிப் பழக வேண்டும், அல்லது விளம்பரத்துக்குக் காசு கட்ட வேண்டும். எக்ஸ் தளத்தைச் சின்னக் கடைக்காரர் நிம்மதியாக விட்டுவிடலாம். அங்கே நடப்பது பெரும்பாலும் பெரிய கம்பெனிகள் மீதான புகார் வாசிப்பு.

தளம் நம்முடையதல்ல என்பதை 2020-க்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. அதில் மட்டுமே ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் எல்லாரையும் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகச் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. மூன்று இடத்தில் கடை இருக்கிறது என்று நினைத்தவர்களுக்கு மூன்றுக்கும் முதலாளி ஒருவர்தான் என்று அன்று தெரிந்தது. எந்தத் தளத்தில் வந்தாலும் வாடிக்கையாளரின் பெயர், ஊர், போன் எண் உங்கள் நோட்டில் ஏற வேண்டும். வாட்ஸ்அப்பில் அது மட்டும் போதாது, உங்கள் எண்ணும் அவர் போனில் ஏற வேண்டும். பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணை சேமித்து வைத்தவருக்குத்தான் போகும். பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் 'எங்கள் நம்பரை சேவ் செய்துகொள்ளுங்கள்' என்று ஒரு வரி அச்சடித்துவிடுங்கள். கேட்காதவருக்கெல்லாம் காலை வணக்கத்தோடு ஆஃபரையும் தள்ளினால், நாலு பேர் ரிப்போர்ட் செய்து எண்ணே முடக்கப்படலாம்.

கையில் ஒரு போன், கடையில் ஒரே ஆள் என்றால் இரண்டு தளத்துக்கு மேல் தாங்காது. இரவு பத்து மணிக்கு வரும் 'ப்ரைஸ் ப்ளீஸ்' கேள்விக்கும் அந்த ஒரே ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது தளத்தைத் தொடங்குவதற்கு முன், வருகிற ஒவ்வொருவரிடமும் 'எங்களை எங்க பார்த்தீங்க?' என்று கேட்டு, பில் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள். ஒரு பண்டிகை சீசன் முடிந்ததும் அந்தக் குறிப்பைப் பாருங்கள். எதை வளர்ப்பது, எதை மூடுவது என்று எந்த ஏஜென்சியையும்விட அது தெளிவாகச் சொல்லும்.

எதுவுமே தொடங்காதவர் இந்த வாரமே கடையைக் கூகுள் மேப்பில் பதிந்துவிடட்டும். அதற்குக் கூகுள் ஒரு பைசாவும் வாங்குவதில்லை. 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று யாராவது அழைத்தால் பேச்சை வளர்க்காமல் போனை வைத்துவிடுங்கள்.