வெங்காய ஆராய்ச்சியில் முதற்கண் வேண்டுவது யாது?

வெங்காயத்தை உரிக்க உரிக்க உள்ளே ஒன்றுமில்லை என்று நம் நாட்டில் ஒரு வழக்கு உண்டு. அதன் உயிரணுவைத் திறந்து பார்த்த அறிஞர்கள் கண்டதோ இதற்கு நேர்மாறானது. ஒவ்வோர் உயிரின் பரம்பரைக் குணங்களும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில், நான்கே வகையான இரசாயன எழுத்துகளால் பொறிக்கப்பட்டுள்ளன என்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். அவ்வெழுத்துகளின் முழுத் தொகைக்கு மரபணுத்தொகுதி என்று பெயர். நெற்பயிரின் தொகுதியில் ஏறத்தாழ 40 கோடி எழுத்துகள் உள்ளன. மனிதனுடையதில் 300 கோடி. வெங்காயத்திலோ ஏறத்தாழ 1,600 கோடி! பூண்டும் அதே அளவினதே.

அப்படியானால் வெங்காயம் மனிதனினும் ஐந்து மடங்கு மேலானதோ என்று குறும்புக்கார மாணவன் ஒருவன் கேட்கக்கூடும். அந்த ஏட்டின் பெரும்பகுதி, வந்ததே திரும்பத் திரும்ப வருவது. ஒரு பக்கத்தைப் பல்லாயிரம் படிகள் எடுத்து, நூலெங்கும் இடையிடையே செருகித் தைத்த புத்தகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அதனைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டு, மீண்டும் வரிசையாக அடுக்குமாறு ஒருவரைப் பணித்தால் அவர் என்ன பாடுபடுவார்? இதனாலேயே, நெல்லின் ஏடு 2005ஆம் ஆண்டிலேயே படித்து முடிக்கப்பட்டிருக்க, பூண்டினுடையது 2020லும் வெங்காயத்தினுடையது 2021லும்தான் வெளிவந்தன.

இனி, இவ்வேட்டினால் உழவனுக்கு ஆகும் பயன் யாது? அதனை அறிய, வெங்காயத்தின் வாழ்க்கை முறையை முதலில் அறிதல் வேண்டும். விதைத்த பருவத்தில் அது காயை மட்டுமே தரும். அக்காயை எடுத்து வைத்திருந்து மீண்டும் நட்டால்தான் பூந்தண்டு எழும்பி விதை கட்டும். ஒரு தலைமுறைக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நெல்லை ஆராய்பவர் ஓராண்டில் இரண்டு மூன்று தலைமுறைகளைக் கண்டுவிடுவார். வெங்காயத்தை ஆராய்பவருக்கோ ஆயுளே போதுவதில்லை.

1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து டேவிஸ் என்னும் ஊரில், ஹென்றி ஜோன்ஸ் என்னும் அறிஞர் ‘இத்தாலியன் ரெட்’ என்ற வகையைப் பயிரிட்டிருந்தார். அவற்றுள் ஒரு செடியின் மகரந்தம் பயனற்றிருந்தது. அது தானாக விதை கட்டவில்லை. வேறொருவராயின் பிடுங்கி எறிந்திருப்பார். ஜோன்ஸ் அதன் பூங்கொத்தில் தோன்றிய சிறு குமிழ்களை எடுத்து நட்டு, அச்செடியின் வழியைக் காப்பாற்றினார். ஏனெனில், வெங்காயப் பூ மிகச் சிறியது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்பது. இரண்டு வகைகளைக் கலந்து ஒட்டு விதை எடுக்க வேண்டுமானால், தாய்ச்செடியின் ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பைகளைக் கையால் நீக்க வேண்டும். அது வியாபார அளவில் நடவாத காரியம். மகரந்தமே இல்லாத தாய் கிடைத்தால் அத்தொல்லை ஒழிந்ததன்றோ! இம்மலட்டுத் தன்மை எவ்வாறு வழிவழி வருகிறது என்பதை ஜோன்சும் கிளார்க்கும் 1943இல் விளக்கினர். தாய்வழியாக மட்டும் வரும் உயிரணுச் சாறும், உட்கருவிலுள்ள ஒரு மரபணுவும் சேர்ந்தே அதனை உண்டாக்குகின்றன. ஒரு செடி கண்ணிற்பட்டதற்கும் அதன் காரணம் விளங்கியதற்கும் இடையே 18 ஆண்டுகள்!

மலட்டுத் தாயை ஆண்டுதோறும் பெருக்குவதற்கு அதற்கேற்ற துணைச்செடி ஒன்று வேண்டும். அதனைப் புறத்தோற்றத்தால் அடையாளம் காண இயலாது. கலந்து, விதை எடுத்து, விதைத்து, மீண்டும் பூக்கும்வரை காத்திருந்து பார்ப்பதே முன்பு வழியாக இருந்தது. இப்பொழுது நாற்றின் இலையில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி டி.என்.ஏ. சோதனை செய்தால் விடை கிடைத்துவிடுகிறது. ஆண்டுகள் மிச்சமாவதே இக்கல்வியின் முதற்பயன் என்பேன். பகற்பொழுதின் நீளத்தைக் கண்டு ‘இனிக் காய் திரளலாம்’ என்று செடிக்கு உணர்த்தும் மரபணுக்களையும் நியூசிலாந்து அறிஞர்கள் 2013இல் கண்டறிந்தனர். நீண்ட பகலுள்ள வடநாடுகளின் விதை நம் மண்ணில் காய் திரளாததன் காரணம் இதனால் தெளிவாயிற்று.

பூண்டின் கதை வேறு. வயல்களில் நாம் வளர்க்கும் பூண்டு விதை கட்டுவதில்லை. பல்லையே நட்டுப் பயிராக்குகிறோம். ஆகவே கலப்பினால் புதுவகை தோன்ற இடமில்லை. நச்சுயிர் நோய்களும் பல்லின் வழியே தொடர்ந்து வருகின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கொடைக்கானல் மலைப்பூண்டும் பல்லை நட்டே வளர்க்கப்படுவதுதான். மத்திய ஆசியாவில் விதை கட்டக்கூடிய பூண்டுகள் இருப்பதை எத்தோ என்னும் ஜப்பானிய அறிஞர் 1980களில் வெளிப்படுத்தினார். கலப்புக்கு வழி திறந்தது அங்கேதான்.

எனினும், நம் நாட்டுக்கு முதற்கண் வேண்டுவது எது என்று என்னைக் கேட்டால், கெடாமல் நிற்கும் காய் என்பேன். சித்திரை, வைகாசியில் அறுவடையாகும் பெரிய வெங்காயமே ஐப்பசிவரை பெரும்பாலும் நம் சமையலறைகளுக்கு வந்தாக வேண்டும். அதற்குள் அழுகியும் முளைத்தும் வற்றியும் போவது மிகுதி. உழவன் குறைந்த விலைக்கு விற்றதும், நாம் பின்னர்ப் பெருவிலை கொடுத்து வாங்குவதும் இதன் விளைவே. புனேக்கு அருகே இராஜகுருநகரில், வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் என்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அது ஆராயும் பொருள்களுள் இதுவும் ஒன்று.

இங்கே ஒரு சிக்கல். மலட்டுத் தன்மையைப்போல் ஓரிரு மரபணுக்களால் அமைவதன்று கெடாமல் நிற்கும் தன்மை. பல மரபணுக்கள் சிறுசிறு பங்கு செலுத்துகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க நூற்றுக்கணக்கான வகைகளைப் பட்டறையில் அடுக்கி, மாதந்தோறும் நிறுத்து, அழுகியதையும் முளைத்ததையும் எண்ணிக் குறித்து வைக்க வேண்டும். எழுத்துகளைப் படிக்கும் இயந்திரம் சில நாட்களில் தன் வேலையை முடித்துவிடும். பட்டறையில் எண்ணும் வேலைக்கு ஐந்து மாதம் வேண்டும்; புகழும் குறைவு. ஆயினும் பொருளையும் ஆளையும் நான் அதற்கே முதலில் ஒதுக்குவேன். எஞ்சியவற்றை எண்ணி முடித்த பிறகே, எந்தக் காய் எந்த எழுத்தினால் நிலைத்தது என்று ஏட்டைப் புரட்டிப் பார்க்க இயலும்.