நள்ளிரவு வெயிலில் ஒரு சதுர மீட்டர்

ஸ்டாக்ஹோமில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் அபிஸ்கோவில் இறங்கலாம். ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே, டோர்னெட்ராஸ்க் என்ற நீண்ட ஏரியின் தென்கரையில் இருக்கும் சிற்றூர் அது. கிருனா சுரங்கத்தின் இரும்புத் தாதுவை நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட ரயில் பாதை 1903இல் முறைப்படி திறக்கப்பட்டது. தண்டவாளம் வந்த கையோடு விஞ்ஞானிகளும் வந்தார்கள். அதே ஆண்டு வாசியௌரே என்ற இடத்தில் தொடங்கிய ஆய்வு நிலையம் 1910இல் தீக்கிரையானதும், அபிஸ்கோவில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். இன்றுவரை தாவரவியலாளர்கள் கோடைதோறும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே போகிறார்கள். குளிரும் மழையும் கொசுவும் நிறைந்த ஓர் இடத்துக்கு இத்தனை ஆசையோடு போக அப்படி என்னதான் இருக்கிறது?

முதல் காரணம் வெளிச்சம். மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. நள்ளிரவில் அது வடக்கே ஏரிக்கு மேல் தாழ்வாக நிற்கும். நம் நிழல் தெற்கே நீண்டு கிடக்கும். இருட்டிவிடுமே என்ற கவலை இல்லாததால் வேலை நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்வதில்லை, வானிலைதான் முடிவு செய்கிறது. பகல் முழுக்க மழை கொட்டி இரவு பத்து மணிக்கு விட்டால், பூட்ஸை மாட்டிக்கொண்டு அப்போதுதான் மலையேறுவார்கள். அந்நேரத்துச் சாய்வெயிலில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரியும்.

இரண்டாவது காரணம் மலை. மேலே ஏற ஏறப் பனி தாமதமாக உருகும் என்பதால், ஏறுகிறவர் பருவத்தில் பின்னோக்கிப் போகிறார். அபிஸ்கோவுக்கு மேலே நிற்கும் நுயோல்யா மலையில் ஜூலை மாதம் இதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். அடிவாரத்தில் குட்டை பிர்ச் மரங்களுக்கு இடையே கோடை முற்றியிருக்கும். மரங்கள் நின்றுபோகும் எல்லையைத் தாண்டினால் அப்போதுதான் மொட்டவிழும் செடிகள். இன்னும் மேலே, கரையும் பனித்திட்டின் ஓரத்தில், பழுப்பு மண்ணை முட்டிக்கொண்டு முதல் தளிர் வெளிவரும். கீழே தவறவிட்ட வசந்தத்தை மேலே போய்ப் பிடித்துக்கொள்ளலாம். வேறெந்த வேலையில் இப்படி ஒரு சலுகை கிடைக்கும்?

ஆனால் வேலையின் உண்மையான சுகம், என்னைக் கேட்டால், மண்டியிடுவதில்தான் இருக்கிறது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம். அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய நூல்கள் சந்திக்கும் 100 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் மெல்லிய கம்பியை நேராக இறக்கி, அது தொடும் இலை, தண்டு, பாசி, லைக்கன் எல்லாவற்றையும் ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுத வேண்டும். ஈரத்தில் மை கரைந்துவிடும் என்பதால் பென்சில்தான். மேலிருந்து பார்த்தபோது வெறும் பச்சைப் பரப்பாகத் தெரிந்த இடம், முழங்கால் நனைந்து அரைமணி நேரம் போனபின் முகமுள்ள கூட்டமாகிவிடும். இரண்டு வட்ட இலைகளும் ஒரு சின்னப் பூங்கதிரும் மட்டும் தரைக்கு மேலே தெரிகின்றனவே, அது ஒரு வில்லோ மரம். சாலிக்ஸ் ஹெர்பேசியா என்று பெயர். காற்றுக்குத் தப்பித் தண்டையும் கிளையையும் மண்ணுக்குள் பரப்பிக்கொண்டு, விரல் உயரத்துக்குள் ஒரு மர வாழ்க்கையை நடத்தி முடித்துவிடுகிறது.

பக்கத்திலேயே ட்ரையாஸ் ஆக்டோபெடலா. வழக்கமாக எட்டு வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் கொத்து. கிண்ணம்போல் குவிந்த இதழ்கள் வெயிலை நடுப்பகுதிக்குத் திருப்பிவிடும். பூவோ சூரியனைப் பார்த்தபடியே திரும்பிக்கொண்டிருக்கும். உள்ளே வெளிக்காற்றைவிட வெப்பம் கூடுதல் என்பதால் சிறு ஈக்கள் தேன் குடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்து குளிர்காயும். இதை நேரில் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், பூவுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும்.

சைலீன் அகாலிஸ் அடர்ந்த பச்சை மெத்தையாகப் படர்ந்து, மேலெல்லாம் இளஞ்சிவப்புப் பூக்களைப் போர்த்திக்கொள்ளும். வெயில் அதிகம் விழும் தென்புறம்தான் முதலில் பூக்கும் என்பதால் மலையேறிகள் அதை வைத்துத் திசை அறிவதுண்டு. அலாஸ்காவில் ஆராய்ந்த சில மெத்தைகளுக்கு 300 வயதுக்கு மேல் இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1732இல், இருபத்தைந்து வயதில், இப்பகுதியின் பூர்வகுடிகளான சாமி மக்களின் துணையோடு லாப்லாந்து மலைகளைச் சுற்றினாரே, அந்தக் காலத்தில் முளைத்த செடி ஒன்று இன்றும் எங்காவது பூத்துக்கொண்டிருக்கலாம் என்று நினைக்கையில் அதன் மேல் கால் வைக்க மனம் வராது.

பிஸ்டார்ட்டா விவிபாரா என்ற சிறு செடியின் பொறுமையைச் சொல்லியே ஆக வேண்டும். கொலராடோவின் உயர்மலைகளில் அதன் மொட்டுகளைப் பிரித்துப் பார்த்த ஆய்வில், ஒரு பூங்கதிர் உருவாகத் தொடங்கி விரிய நான்கு ஆண்டுகள் ஆவது தெரியவந்தது. இந்தக் கோடையில் நாம் எண்ணும் பூ, மூன்று கோடைக்கு முன்பே மண்ணுக்கடியில் வேலையைத் தொடங்கிவிட்டது. கோடை அத்தனை குறுகியது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் முடிக்க நேரம் கிடையாது.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. காற்று நின்ற கணமே மேகமாகச் சூழ்ந்துகொள்ளும். வலைத்தொப்பி இல்லாமல் சதுப்பில் இறங்க முடியாது. ஆனால் பிளாட்டந்தேரா ஒப்ட்யூசாட்டா என்ற பச்சை நிறச் சிற்றார்க்கிட் இருக்கிறது. வட அமெரிக்காவில் அதன் மகரந்தத்தைச் சுமப்பது முக்கியமாகக் கொசுதான். மகரந்தப் பொதி கொசுவின் கண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் மிக அரிதான இதன் ஒரு கிளையினம் அபிஸ்கோவில் வளர்கிறது. இதை அறிந்தபின் காதருகே கேட்கும் ரீங்காரத்தின் மேல் பழைய வெறுப்பு இருக்காது.

இந்த எண்ணிக்கையெல்லாம் எதற்கு? 1917 முதல் 1919 வரை தோரே ஃப்ரீஸ் என்ற தாவரவியலாளர் நுயோல்யா சரிவில் திரும்பத் திரும்ப ஏறி, எந்தச் செடி எப்போது துளிர்த்தது, பூத்தது, காய்த்தது என்று எழுதி வைத்தார். நூறு ஆண்டுகள் கழித்து, 2017இல், அதே வழியில் மறுபடி பதிவெடுக்கத் தொடங்கினார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து ஒரு வரியை எழுதும் மாணவருக்குக் கிடைக்கும் பெருமிதத்தை எந்தச் சம்பளமும் தராது.

அபிஸ்கோவுக்கு மேற்கே, ஏறத்தாழ 980 மீட்டர் உயரத்தில், லாட்ன்யயாவுரே ஏரிக்கரையில் இன்னொரு வகைப் பதிவு நடக்கிறது. 1990இல் தொடங்கிய சர்வதேச டண்ட்ரா பரிசோதனையின் தளங்களில் அதுவும் ஒன்று. மேற்பக்கம் திறந்த அறுகோணக் கூண்டுகளைச் செடிகளைச் சுற்றி வைத்து, உள்ளே ஓரிரு டிகிரி வெப்பத்தைக் கூட்டி, வெளியே இருக்கும் செடிகளோடு ஒப்பிடுகிறார்கள். வருங்கால வெயிலை இன்றே ஒரு சிறு துண்டில் வரவழைக்கும் எளிய உத்தி. இத்தகைய தளங்களில் பலர் மண்டியிட்டுச் சேர்த்த பதிவுகளை ஒன்றுதிரட்டிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. துருவ, உயர்மலை டண்ட்ராவில் 117 இடங்களில் மூன்று பத்தாண்டுகளாகச் சேர்த்த தரவு அது. வெப்பம் கூடக்கூடச் செடிகளின் சராசரி உயரம் கூடியிருந்தது. உயரமான இனங்கள் குடியேறிவருகின்றன. அவற்றின் நிழல் விழுந்தால் வெளிச்சத்துக்கு ஏங்கும் குட்டைச் செடிகளுக்கும் லைக்கன்களுக்கும் பிழைப்பு கடினம். ரெயின்டீர் மான்களுக்குக் குளிர்காலத்தில் லைக்கன்தான் முக்கிய உணவு என்பதால், அவற்றை மேய்த்து வாழும் சாமி மக்களுக்கும் இது வயிற்றுப்பாட்டு விஷயம்.

ஆகஸ்டில் கிளவுட்பெர்ரி பழுக்கும். சதுப்பில் காலிடறியபடி, ஆரஞ்சு நிறப் பழத்தை வாயிலும் டப்பாவிலும் மாறி மாறிப் போட்டுக்கொள்வார்கள். மாதக் கடைசிக்குள் பிர்ச் இலைகள் மஞ்சளாகும். அதற்குள் விதைகளைக் காகித உறைகளில் போட்டு, உறைமேல் இடமும் தேதியும் எழுதி, மாதிரிச் செடிகளைத் தாள்களுக்கு நடுவே அழுத்தி வைத்து, அடுத்த ஆண்டு வருகிறவர் தேடாமல் கண்டுபிடிக்கும்படி ஒவ்வொரு சதுரத்தின் மூலைக்குச்சியையும் சரிபார்த்துவிட வேண்டும்.