இடியன் துவக்கு: வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்தும் சட்டம் தரும் வழிகளும்

காலபோக நெல் குடலைப் பருவத்துக்கு வந்ததும் வன்னியில் இரவுக் காவல் தொடங்கிவிடும். துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, செட்டிக்குளம் பக்கங்களில் பன்றிக் கூட்டமோ யானையோ ஒரு தடவை வயலுக்குள் இறங்கினால் ஒரு போகத்து உழைப்பு போய்விடும். இந்த நெருக்கடியில்தான் பலர் களவாகக் கட்டிய இடியன் துவக்கையும் கட்டுத்துவக்கையும் ஹக்க பட்டாஸ் என்ற உணவு வெடியையும் நம்புகிறார்கள். வேட்டை ஆசையில் இவற்றைத் தொடும் இளைஞர்களும் உண்டு. மருந்தும் சன்னமும் கையால் நிரப்பும் இந்தப் பழக்கம் உயிரையும் அவயவத்தையும் பறிக்கிறது. பிடிபட்டால் என்னவாகுமோ என்ற பயத்தில் மக்கள் ஆபத்தை ஒளித்துவைப்பதால் அது மேலும் வளர்கிறது. ஆபத்தையும் அறியவேண்டும், சட்டம் தரும் பாதுகாப்பையும் அறியவேண்டும்.

குழாய் ஏன் வெடிக்கிறது?

இடியனுக்கு வாய்ப்பக்கமாக மருந்தை இட்டு, இடித்து இறுக்கி, மேலே சன்னம் போடுவார்கள். பழைய இடியன்கள் கரிமருந்துக்கென்று செய்யப்பட்டவை. இன்று ஊரில் களவாகக் கட்டப்படுபவற்றின் குழாய் பெரும்பாலும் வேறு தேவைக்குச் செய்த இரும்பு. வெடியின் அழுத்தத்தைத் தாங்குமா என்று அதை எவரும் சோதித்ததில்லை.

போரில் எஞ்சிய ரவைகளைப் பிரித்து மருந்தெடுப்பது இதிலும் கொடியது. அந்த ரவைகளில் இருப்பது புகையற்ற மருந்து. அடைத்த இடத்தில் எரியும்போது கரிமருந்தைவிடப் பல மடங்கு அழுத்தத்தைக் கிளப்பும். குழாய் பிளந்தால் முதலில் போவது சுடுபவரின் விரல்களும் கண்ணும்தான். 2009ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே வெயிலிலும் மழையிலும் கிடந்த மருந்து எப்போது எப்படி எரியும் என்று அனுபவசாலி ஒருவராலும் சொல்லமுடியாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குறிபார்த்துச் சுடுவோர் வெற்று ரவைக்கூடுகளை வீட்டில் மறுபடி நிரப்பும் காணொளிகளை எங்கள் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. மருந்தைக் ‘கிரெய்ன்’ என்ற அளவில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெய்ன் 0.065 கிராம். எந்த ரவைக்கு எந்த மருந்து எவ்வளவு என்பதற்கு உற்பத்தியாளரின் அட்டவணை உண்டு. துவக்கின் குழாய் சோதிக்கப்பட்டது. பிரித்தானியாவின் பர்மிங்ஹாமில் 1813ஆம் ஆண்டிலேயே துவக்குக் குழாய்களைச் சோதித்து முத்திரையிடச் சட்டப்படி ஒரு நிலையம் அமைத்தார்கள். இவ்வளவு இருந்தும், மருந்து இரட்டிப்பாக விழுந்து துவக்கு வெடித்த விபத்துகள் அங்கும் நடக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட இல்லாத கொட்டிலில் அதைப் பார்த்துச் செய்வது தற்கொலைக்குச் சமம்.

கட்டுத்துவக்குக்கு ஆள் தெரியாது

மிருகம் வரும் தடத்தில் கம்பி இழுத்துத் துவக்கைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தடத்தால் விறகுக்குப் போகும் அக்காவும் வருவார், மாடு தேடும் தம்பியும் வருவான். துவக்கு மிருகத்தின் உயரத்துக்குக் கட்டப்படுவதால் மனிதருக்குப் பெரும்பாலும் முழங்காலிலும் தொடையிலும்தான் காயம். சன்னத்தோடு அடைப்புத் துணியும் அழுக்கும் சதைக்குள் போவதால் கிருமி தொற்றிக் காலை எடுக்கவேண்டி வரலாம். உணவுக்குள் வைக்கும் ஹக்க பட்டாஸ் பன்றிக்கென்று வைக்கப்பட்டாலும் யானைக் கன்றின் வாயைச் சிதைக்கிறது. சாப்பிட முடியாமல் அது நாள்கணக்கில் வதைபட்டுச் சாகிறது.

யாராவது காயப்பட்டால்:

- சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள்.
- சன்னத்தைத் தோண்டாதீர்கள். கரி, மண், பச்சிலை எதையும் அப்பாதீர்கள்.
- 1990 அம்புலன்ஸை உடனே அழையுங்கள். அது இலவசம்.
- எதனால் பட்ட காயம் என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். வைத்தியசாலை பொலிசுக்கு அறிவிக்கும் என்பது உண்மை. அதற்காகச் சிகிச்சை மறுக்கப்படமாட்டாது. வழக்கைப் பிறகு பார்க்கலாம். போன இரத்தம் திரும்பாது.

நிலத்தில் கிடப்பவை

நிலக்கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் 1க்குள் நிலத்தைத் துப்புரவாக்கவேண்டும். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களும் இராணுவத்தின் பிரிவும் இந்த வேலையில் இருக்கின்றன. இருந்தும் காணி துப்புரவாக்கும்போதும் பழைய இரும்பு பொறுக்கும்போதும் எறிகணையும் ரவையும் இன்னும் அகப்படுகின்றன. கண்டால் தொடாதீர்கள், தட்டாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயமென்றால் கிராம அபிவிருத்திச் சங்கத்தையோ கமக்கார அமைப்பையோ கூட்டிக்கொண்டு போங்கள். சொன்ன திகதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் துவக்கை வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. வெடிமருந்தைச் செய்வதையும் வைத்திருப்பதையும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மான், மரை வேட்டை வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வேறு குற்றம். துவக்கு, மருந்து, இறைச்சி மூன்றும் ஒரே வீட்டில் அகப்பட்டால் மூன்று சட்டங்களும் ஒன்றாக வரும்.

கைதானால் உங்கள் உரிமைகள்

குற்றம் செய்தவருக்கும் உரிமை உண்டு. கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் ஆஜர்படுத்தவேண்டும். அடிப்பதும் வதைப்பதும் 11ஆம் உறுப்புரையாலும் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தாலும் தடைசெய்யப்பட்டவை. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கும் உரிமை உண்டு. வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஆயுதம் என்றதும் பயங்கரவாதத் தடைச் சட்டம் பாயுமோ என்ற பயம் வன்னியில் நியாயமானது. அந்தச் சட்டத்தில் கைதானாலும், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது கட்டாயம். குடும்பத்தவர் நேரடியாக 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பயிரைக் காக்க நேரான வழி

பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதிப்பத்திரத்துடன் துவக்குப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகம் வழியாக மாவட்டச் செயலகத்துக்கு விண்ணப்பியுங்கள். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். அது ஆளுக்கு உரியது. மகனுக்கோ மச்சானுக்கோ இரவல் கொடுக்கமுடியாது. உரியவர் இறந்தால் குடும்பம் உடனே அறிவிக்கவேண்டும்.

யானை அழித்த பயிருக்கு இழப்பீடு கோர, கமநல சேவை நிலையத்தில் முன்கூட்டியே பதிந்திருப்பதும், அழிவைக் கண்ட அன்றே முறையிடுவதும், படம் எடுத்துவைப்பதும் முக்கியம். யானை வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கம் இருக்கிறது.

வேட்டைக்குப் பதிலாக, குறிபார்த்துச் சுடும் திறமை உள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டு வழி இருக்கிறது. மங்கள சமரக்கோன் 2016இல் ரியோ ஒலிம்பிக்கிலும், தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இலங்கைக்காகச் சுட்டார்கள். வடக்கின் பாடசாலைகளுக்கும் அந்த வாய்ப்பு வரவேண்டுமென்று மாவட்ட விளையாட்டு அதிகாரிகளிடம் கேட்பது எங்கள் உரிமை.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. விண்ணப்பித்த விவசாயியை மாதக்கணக்கில் அலையவைத்தால் அவர் களவுத் துவக்கைத்தான் தேடுவார். வெடிபொருளைக் காட்டிக்கொடுத்தவரையே துருவித் துருவி விசாரித்தால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். ஆயுதங்களை ஒப்படைக்கப் பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கப்படும்போது அந்தச் செய்தி தமிழில், கிராமம் கிராமமாக வந்து சேரவேண்டும்.

அடுத்த கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். ஊர்த் தடங்களில் கட்டுத்துவக்கு கட்டுவதில்லை என்று தீர்மானம் போடுங்கள். பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு தேவையானவர்களின் விண்ணப்பங்களை ஒன்றாகக் கொடுங்கள். வீட்டில் ஒளித்த இடியன் இருந்தால், சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையோடு அதை ஒப்படைக்கும் வழியைப் பாருங்கள். அதுவரை அதற்கு மருந்து நிரப்பாதீர்கள்; பிள்ளைகளின் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.